‘சுக்ரோச’ என்னும் வினை: த்ரௌபதியின் கூப்பீடும் கண்ணனின் கடனும்

மஹாபாரதத்தின் உத்யோக பர்வத்தில், பாண்டவர்களிடம் தூது போய் மீண்ட ஸஞ்ஜயன் தான் கண்டதையும் கேட்டதையும் த்ருதராஷ்ட்ரனுக்கு உரைக்கிறான். கண்ணனும் அர்ஜுனனும் த்ரௌபதியோடும் ஸத்யபாமையோடும் தனித்திருந்த உள்ளறையில் தான் புகுந்ததையும், அங்கே கண்ணன் தன்னிடம் சொல்லியனுப்பிய வார்த்தையையும் அவன் விவரிக்கும் இடத்தில் ஒரு ச்லோகம் வருகிறது. தொலைவில் இருந்த தன்னைக் குறித்து க்ருஷ்ணையானவள் ‘கோவிந்தா’ என்று கூப்பிட்டாள். அது வளர்ந்துபோன கடனாய்த் தன் நெஞ்சைவிட்டு அகலாமல் நிற்கிறது என்று கண்ணன் தானே சொல்லுவதாக அமைந்தது அது. நம் உபந்யாஸ மேடைகளில் அதைக் கேளாதார் இலர்.

அந்த ச்லோகத்தில் ‘கடன்’ என்னும் சொல்லுக்கு நாம் தரும் கவனத்தை, ‘கூப்பிட்டாள்’ என்று தமிழாக்கும் வினைக்குத் தருவதில்லை. மூலத்தில் உள்ள வினை ‘சுக்ரோச’. இதனைச் சிலர் ‘ப்ரார்த்தித்தாள்’ என்பர். சிலர் ‘நினைத்தாள்’ என்பர். வேறு சிலர் ‘அழுதாள்’ என்பர். இவை ஒரு பொருட்சொற்கள் அல்ல. ப்ரார்த்தித்தாள் என்றால் அவள் செய்தது ஒரு விண்ணப்பம். நினைத்தாள் என்றால் ஓர் உபாஸனம். அழுதாள் என்றால் வெறும் துயரம். எந்த வினையைக் கொள்கிறோமோ அதற்கேற்ப சரணாகதியைப் பற்றிய நம் கொள்கையும் சாயும். ஆகவே இவ்வொரு வினையை அதன் தாதுவிலிருந்து தொடங்கி, தமிழிலும் ஆங்கிலத்திலும் அது பெற்ற வடிவங்கள் வழியாக ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. தாதுவும் அதன் சுற்றமும்

‘சுக்ரோச’ என்பது ‘க்ருச்’ என்னும் தாதுவின் லிட் வடிவம். தாதுபாடம் இத்தாதுவுக்கு இரண்டு பொருள் கூறும்: ஒன்று ஆஹ்வானம், அதாவது அழைத்தல், மற்றொன்று ரோதனம், அதாவது அழுதல். இரண்டையும் இணைத்தே அது ஓதுகிறது. அழைப்பதும் அழுவதும் ஒரே குரலாய் வெளிப்படும் நிலையே இத்தாதுவின் இயல்பான களம். அழுகையில்லாத அழைப்புக்கு வடமொழியில் வேறு தாதுக்கள் உண்டு; அழைப்பில்லாத அழுகைக்கும் உண்டு. வ்யாஸர் அவற்றை விட்டு இதனைக் கொண்டார்.

லிட் என்பது பாணினி முறைப்படி சொல்பவன் கண்ணுக்குப் புலனாகாத இறந்தகாலத்துக்கு உரியது. இதிஹாஸ வழக்கில் இந்த வரையறை எங்கும் கண்டிப்பாகப் பேணப்படுவதில்லை. ஆதலின் இதன்மேல் பெரும் சுமையை ஏற்றலாகாது. எனினும் இவ்விடத்தில் அது பொருந்தி நிற்பது நோக்கத்தக்கது. ‘தூரவாஸி’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஒருவன், தான் நேரில் இல்லாதபோது நிகழ்ந்ததைப் பரோக்ஷமாகவே சொல்லுகிறான். எல்லாம் அறிந்தவன் இங்ஙனம் பேசுவது தன் ஸர்வஜ்ஞத்வத்தை மறந்து அன்று. அவள் பட்ட நேரத்தில் தான் அங்கு நிற்கவில்லை என்னும் குறையை முன்னிட்டு. வன பர்வத்திலும் அவன் இதே தொனியில் பேசுகிறான்: ஸால்வனோடு போரிடப் போயிருந்தமையால் சூது நடந்தபோது தான் த்வாரகையில் இல்லை, இருந்திருந்தால் அழையாமலே வந்து அந்தச் சூதைத் தடுத்திருப்பேன் என்கிறான்.

இத்தாதுவிலிருந்து பிறந்த பெயர்களும் நம் ஆராய்ச்சிக்கு உதவும். ‘க்ரோசம்’ என்பது கூக்குரல். அதுவே தூர அளவுக்கும் பெயராயிற்று. ஒரு கூக்குரல் எட்டும் தொலைவு க்ரோசம். நான்கு க்ரோசம் ஒரு யோஜனை. வடநாட்டார் ‘கோஸ்’ என்பது இதன் திரிபு. அர்த்தசாஸ்த்ரம் ஆயிரம் தனுஸ்ஸு கொண்ட அளவை ‘கோருதம்’ என்று, மாட்டின் குரல் எட்டும் தொலைவாகப் பெயரிட்டிருப்பதும் இவ்வகையே. தமிழிலும் ‘கூப்பிடு தூரம்’ என்று நாம் சொல்வது இதற்கு நேரான வழக்கு. ‘ஆக்ரோசம்’ வடமொழியில் வசை. இன்றைய தமிழில் ஆக்ரோஷம் என்று சினத்தைக் குறிக்கிறது. ‘அநுக்ரோசம்’ என்பது தயை. அமரகோசம் அதனைக் காருண்யம், கருணை, க்ருபை, தயை, அநுகம்பை ஆகியவற்றோடு ஒருங்கே வைத்து ஓதும். இந்தக் கடைசிச் சொல்லுக்குக் கட்டுரையின் முடிவில் மீண்டும் வருவோம்.

‘க்ரோசம்’ தூர அளவாகும் என்பதை மனத்தில் கொண்டு அந்த ச்லோகத்தைப் படித்தால், அதிலுள்ள முரண் விளங்கும். கூக்குரல் எட்டும் தொலைவுக்கே க்ரோசம் என்று பெயர். கேட்க வேண்டியவனோ ‘தூரவாஸி’. எந்தக் க்ரோச அளவுக்கும் அப்பாற்பட்ட த்வாரகைக்குரியவன். எட்டாத இடத்தை நோக்கி எட்டும் குரலில் கூவுவதே அந்த வினை காட்டும் செயல். கேட்பான் என்னும் கணக்கு அதில் இல்லை. கூவாமல் இருக்கவொண்ணாமை மட்டுமே உண்டு.

2. ஸபா பர்வத்தில் இல்லாத ஸ்துதி

புணேயில் பண்டார்கர் ஓரியண்டல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட மஹாபாரதச் செம்பதிப்பில் ஸபா பர்வத்தை 1944இல் பதிப்பித்தவர் ஃப்ராங்க்ளின் எட்ஜர்டன். துகிலுரியும் இடத்தில் த்ரௌபதி கண்ணனை விளித்துச் சொல்லும் ஸ்துதி பிற்காலச் சேர்க்கை என்று முடிவு செய்து, அவர் அதனை மூலத்திலிருந்து விலக்கி அடிக்குறிப்பில் இட்டார். செம்பதிப்பின்படி அங்கே அவள் எவரையும் அழைப்பதில்லை, எவரும் வருவதுமில்லை. அவள் உடுத்தது இழுக்கப்படும்தோறும் அதே வடிவுடைய வேறொரு துணி தோன்றுகிறது. ஸபை நடுவே துணிக் குவியல் உயர்கிறது. துச்சாஸனன் களைத்து வெட்கி உட்காருகிறான். எட்ஜர்டன் இதனை அறத்தின் இயல்பான செயல் என்று விளக்கினார்.

தென்னாட்டுப் பாடத்தில் ஊறிய நமக்கு இது அதிர்ச்சி தரும் செய்தி. சங்கு சக்ரம் கதை ஏந்தியவனே என்று தொடங்கி, சரணம் புகுந்த என்னைக் காப்பாய் என்று முடியும் ச்லோகத்தை நித்யாநுஸந்தானமாகக் கொண்ட குடும்பங்கள் பல. அது செம்பதிப்பில் இல்லையென்றால் த்ரௌபதி சரணாகதியே இல்லையோ என்னும் ஐயம் இளைய வாசகர்க்கு எழுகிறது. அவ்வையம் தேவையற்றது. உத்யோக பர்வத்தை 1940இல் பதிப்பித்த ஸுசீல் குமார் தே, ‘சுக்ரோச’ வரும் ச்லோகத்தை விலக்கவில்லை. அது செம்பதிப்பின் மூலத்திலேயே நிற்கிறது. எட்ஜர்டனின் முடிவை மறுத்த ஆல்ஃப் ஹில்டபைட்டல் முதலிய ஆய்வாளர்களும் இந்த ச்லோகத்தையே சான்றாகக் காட்டினர்.

இங்கு நாம் கருத வேண்டியது மற்றொன்று. ஸபா பர்வத்து ஸ்துதியை மூலமாகக் கொண்டாலும் சேர்க்கையாகக் கொண்டாலும், அதற்கும் உத்யோக பர்வத்துச் சொல்லுக்கும் வேறுபாடு உண்டு. ஸ்துதியில் விளிகள் அடுக்கி வருகின்றன. ‘ரக்ஷ’ என்னும் ஏவல் வருகிறது. தான் சரணாகதை என்னும் அறிவிப்பும் வருகிறது. கண்ணன் நினைவில் வைத்திருப்பதில் இவை ஒன்றும் இல்லை. ‘கோவிந்தேதி’ என்பதில் உள்ள ‘இதி’ சொன்ன சொல்லை அவ்வாறே எடுத்துக்காட்டும் இடைச்சொல். அதன்படி அவள் சொன்னது ஒரே ஒரு திருநாமம். என்ன வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. கடன்பட்டவன் கணக்கெழுதும்போது குறித்து வைத்தது அந்த ஒரு சொல்லையும் அதைச் சொன்ன குரலையும் மட்டுமே.

3. ஆங்கிலத்தின் ‘க்ரை’

மஹாபாரதத்தை ஆங்கிலத்தில் படிக்கும் தலைமுறை நம்மிடையே வளர்ந்துவிட்டது. ஆகவே அம்மொழியில் இவ்வினைக்கு எது பொருந்தும் என்று காண்பதும் வீண் அன்று. ‘ப்ரே’ என்றால் விண்ணப்பம் ஆகிவிடும். ‘கால்’ என்றால் பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதும் அதுவே, ஆர்த்தி தோன்றாது. ‘வீப்’ என்றால் அழைப்பு போய்விடும். ‘க்ரை’ என்னும் வினை ஒன்றே உரக்கக் கூவுதலையும் கண்ணீர் விடுதலையும் ஒருங்கே சுமப்பது. தாதுபாடம் க்ருச் என்பதற்குத் தந்த ஈரர்த்தமும் அதில் நிரம்ப உண்டு. இக்காலப் பேச்சில் அச்சொல் கண்ணீரின் பக்கம் சாய்ந்துவிட்டமையால், ‘அவுட்’ என்னும் துணைச்சொல்லைச் சேர்த்தே உரக்கக் கூவுதலை அவர்கள் தெளிவுபடுத்துவர்.

ஆயினும் ‘க்ரை’ என்பதன் பழம்பொருளாகச் சொல்லப்படுவது க்ருச் என்பதனினின்று ஓரிடத்தில் வேறுபடும். அது பிரெஞ்சு வழியாக லத்தீனின் ‘க்விரிதாரே’ என்னும் வினையிலிருந்து வந்தது என்பர். உரோமானிய இலக்கண அறிஞரான வார்ரோ, ‘க்விரிதேஸ்’ எனப்பட்ட உரோமைக் குடிமக்களின் துணையை உரத்த குரலில் வேண்டுதலே அவ்வினையின் பொருள் என்றார். ஒலிக்குறிப்பாகவே அது பிறந்தது என்போரும் உளர். வார்ரோ சொன்னது எதுவாயினும், அது ஒரு நாகரிகத்தின் நம்பிக்கையைக் காட்டுகிறது: துன்புற்றவன் கூவினால் ஊரார் வருவர்.

த்ரௌபதியும் முதலில் ஊராரையே நம்பினாள். யுதிஷ்டிரன் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்று அவள் எழுப்பிய கேள்வி ஸபையோரை நோக்கியது. தர்மம் அறிந்த பெரியோரை நோக்கியது. பீஷ்மர் தர்மத்தின் கதி நுண்ணியது என்று சொல்லித் தீர்ப்பை ஒதுக்கினார். கௌரவர்களுள் விகர்ணன் ஒருவனே அவள் பக்கம் பேசினான், அவனும் அடக்கப்பட்டான். ஐந்து கணவரும் தலைகுனிந்தனர். லத்தீன் சொல்லின் பொருளில் அவள் ‘க்ரை’ செய்து முடித்துவிட்டாள், பலன் இல்லை. வடமொழிச் சொல்லின் பொருளில் அவள் கூவியது அதற்குப் பிறகே. எதிரில் இருப்போரை விட்டுக் கேளாத் தொலைவில் இருப்பவனைக் கூவியதே அநந்யகதித்வம் என்று நாம் சொல்வதன் வடிவம். ஆங்கிலத்தில் ‘க்ரை’ என்னும் வினையைக் கொள்வதில் தடையில்லை. ஆனால் அது ஸபையைப் பார்த்துக் கூவியதாகப் படிப்பவர்க்குத் தோன்றாதபடி, ‘தூரவாஸி’ என்னும் அடைமொழியை மொழிபெயர்ப்பு ஒருபோதும் விட்டுவிடலாகாது.

4. தமிழில் மூன்று வினைகள்

தமிழில் பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இவ்விடத்துக்குத் தேர்ந்த வினை ‘அரற்று’. கண்ணீர் சோர, கூந்தல் சோர, துகிலைப் பற்றிய கையும் சோர, வேறு சொல் ஒன்றும் கூறாமல் கோவிந்த நாமத்தையே அவள் அரற்றியதாக அவர் பாடினார். ஸபா பர்வத்து ஸ்துதியின் விளியடுக்கை அவர் அச்செய்யுளில் கொண்டுவரவில்லை. உத்யோக பர்வத்துச் சொல்லுக்கு அவர் செய்தது நெருங்கியது. ‘அரற்றுதல்’ ஒலியும் துயரும் கலந்தது; முறையான வாக்கியமாக அமையாதது. வைணவராகிய அக்கவி வடமூலத்தின் உயிர்நிலை எது என்று தெரிந்தே வினையைத் தேர்ந்தார் என்னலாம்.

பாஞ்சாலி சபதத்தின் முதற் பாகத்தை 1912இல் வெளியிட்ட பாரதியார், அவர் மறைந்தபின் வெளிவந்த இரண்டாம் பாகத்தில் இவ்விடத்தை விரித்துப் பாடினார். அங்கே அவள் உட்சோதியில் கலந்து, உலகை மறந்து, கண்ணனின் செயல்களையும் குணங்களையும் சொல்லி அபயம் வேண்டுகிறாள். வினை பெரும்பாலும் ‘என்றாள்’ என்றே வருகிறது. கவிதையின் வேகத்தில் குறையில்லை. எனினும் கூக்குரல் அங்கே ஸ்துதியாகவும் யோகமாகவும் மாறிவிடுகிறது. உட்சோதியில் கலந்தவள் புறத்தே கூவ வேண்டுவதில்லை. பாரதியாரின் பாஞ்சாலி ஒரு சக்தி. வ்யாஸரின் க்ருஷ்ணை அந்நேரத்தில் அகதி. இரண்டும் வேறு காட்சிகள் என்று உணர்ந்து படிப்பது நன்று.

மூன்றாவது, ஏட்டில் இல்லாத வினை. ஆரணி, செய்யாறு, செஞ்சி வட்டாரங்களில் த்ரௌபதியம்மன் கோயில்களின் அக்னி வஸந்த விழாக்களில் பகலில் வில்லி பாரதத்தை அடியொற்றிய சொற்பொழிவும், இரவில் தெருக்கூத்தும் நடைபெறும். செய்யாற்றை அடுத்த புரிசை, கூத்துக் கலைக்குப் பெயர் பெற்ற ஊர். துகிலுரியும் கூத்தில் துச்சாஸன வேஷக்காரர் சேலையைத் தொடுமுன் கற்பூரம் ஏற்றி வணங்கும் வழக்கமும் உண்டு. வேஷம் கட்டியவர் ‘கோவிந்தா’ என்று கதறும்போது, சுற்றியிருக்கும் ஊராரும் ‘கோவிந்தா’ என்று உடன்குரல் எழுப்புகின்றனர். ஹஸ்தினாபுரத்து ஸபையோர் செய்யாததை இந்த ஊரார் செய்கின்றனர். ப்ரார்த்தனை என்றால் கைகூப்பிக் கேட்டிருப்பர். கூப்பீடு ஆகையால் தாமும் கூவுகின்றனர். வினையின் பொருளை நிகண்டு பாராமல் அறிந்தவர் இவர்கள்.

5. நெய்ததும் சுரந்ததும்

ஆரணி பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர். கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் தறியோசை கேளாத தெரு அரிது. ஆதலின் இவ்வூர்ப் பக்கத்தில் த்ரௌபதியின் கதையைச் சொல்பவர், புடைவையைப் பற்றித் தெரிந்தவர்கள் முன் சொல்லுகிறோம் என்னும் நினைவோடு சொல்ல வேண்டும்.

நெய்பவருக்குப் புடைவை என்பது அளவும் முடிவும் உடைய பொருள். பாவு இவ்வளவு நீளம் என்று முன்னமே ஓடி வைக்கப்படும். கரை உண்டு, உடல் உண்டு, முந்தி உண்டு. முந்தி வந்தால் ஒரு புடைவை முடிந்தது. பாவு தீர்ந்தால் பழைய பாவின் கடைசி இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாய்ப் பிணைத்தாலன்றி மேலே ஊடை ஓடாது. ஏறக்குறைய ஐந்தரை மீட்டருக்குள் முடிந்துவிடும் ஒரு பொருள் முடிவில்லாமல் வந்தது என்றால், அது நெய்யப்பட்டதாக இருக்க முடியாது.

பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் திருமந்த்ரத்தைப் பற்றிப் பேசுகையில், வாச்யனாகிய எம்பெருமானைக் காட்டிலும் வாசகமாகிய திருநாமத்துக்கு உள்ள ஏற்றத்தைச் சொல்லி, அவன் தொலைவில் நின்றாலும் திருநாமம் அருகில் நின்று உதவும் என்பதற்கு த்ரௌபதியைச் சான்றாகக் காட்டுகிறார். அங்கு அவர் இட்ட வினை ‘சுரந்தது’ என்பது. பசுவின் மடியில் பால் சுரக்கும். நிலத்தில் ஊற்று சுரக்கும். சுரப்பதற்கு முந்தி இல்லை, பாவு இல்லை, பிணைப்பு இல்லை, வேண்டுமளவும் வந்துகொண்டிருக்கும். கன்றின் குரலுக்குப் பசு சுரப்பது போன்ற இயல்பும் அவ்வினைக்குள் அடங்கும். கூவியது ஒரு கன்று. கூவப்பட்ட பெயரோ கோவிந்தன்.

அச்சிட்ட படங்களில் கண்ணன் மேகத்தின்மேல் நின்று கையிலிருந்து சேலையை விடுவதாகக் காண்கிறோம். அது பக்தர்க்கு இனிய காட்சிதான். ஆனால் வ்யாஸர் சொன்னது அதுவன்று. உலகாசிரியர் சொன்னதும் அதுவன்று. வ்யாஸர் துணிமேல் துணியாய்க் குவியலைச் சொன்னார். உலகாசிரியர் அதன் ஊற்றைச் சொன்னார். இருவரும் கண்ணனை அவ்விடத்தில் நிறுத்தவில்லை. படத்தை மட்டும் கண்டு பழகியவர்க்கு ‘தூரவாஸி’ என்னும் சொல் பொருளற்றுப் போகும். வந்து கொடுத்துவிட்டவனுக்குக் கடன் எங்கிருந்து வந்தது என்றும் புரியாது. திருநாமம் கொடுத்தது, நாமி கொடுக்கவில்லை. ஆகவே நாமிக்குக் கடன் நின்றது. செம்பதிப்பு காட்டும் ஸபா பர்வத்தையும் உத்யோக பர்வத்துச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்க்கு, உலகாசிரியரின் நிர்வாஹம் மூலத்தோடு எவ்வளவு ஒட்டி நிற்கிறது என்பது விளங்கும்.

6. கூப்பீடு உபாயமா?

இனி ஸித்தாந்தத்தைத் தொடும் கேள்வி. அவள் கூவியது ரக்ஷணத்துக்குக் காரணமா?

ஸ்ரீவசனபூஷணம் ப்ரபத்திக்கு தேசம், காலம், ப்ரகாரம், அதிகாரி முதலிய நியமங்கள் இல்லை என்று நிறுவும் இடத்தில் த்ரௌபதியை எடுத்துக்காட்டும். அவள் நீராடித் தூய்மை பெற்று நின்ற நேரம் அன்று அது. ஒற்றையாடையோடு ரஜஸ்வலையாய் இழுத்து வரப்பட்ட நேரம். அந்நிலையில் மந்த்ரத்தை முறைப்படி உச்சரித்தாள் என்னவொண்ணாது. க்ருச் என்னும் தாதுவின் ரோதனப் பொருள் இவ்விடத்தில் முன்னுக்கு வருகிறது. வலி கண்டவன் வாய்விட்டுக் கதறுவது சேதனனாய் இருப்பதன் அடையாளம். அதனை ஸாதனமாக எண்ணினால் கதறலுக்கு விலை குறித்ததாகும் என்பது இப்பக்கத்தார் நோக்கு. ஈட்டிலும் ஆழ்வாரின் ஆர்த்தி மிக்க திருப்பதிகங்களை விவரிக்கையில் ‘கூப்பிடுகிறார்’ என்பதே வ்யாக்யாதாக்கள் மீண்டும் மீண்டும் கொள்ளும் வினை. அங்கே கூப்பீடு ஓர் அநுஷ்டானம் அன்று, ஆற்றாமையின் வழிவு.

ஸ்வாமி தேசிகன் காட்டும் நெறியில் ப்ரபத்திக்கு ஐந்து அங்கங்கள் உண்டு. அவற்றுள் கோப்த்ருத்வ வரணம், காப்பவனாய் இருக்க வேண்டும் என்று வரித்தல். எல்லார்க்கும் பொதுவான ஈச்வரன் ஒருவரைக் காக்கும்போது பக்ஷபாதம் என்னும் குற்றம் வாராதபடி, சேதனன் பக்கலில் ஒரு வ்யாஜம் வேண்டும். இந்நெறியில் நின்று பார்த்தால் ‘கோவிந்தா’ என்னும் விளியே ஒரு வரணம். க்ருச் என்னும் தாதுவின் ஆஹ்வானப் பொருள் இவ்விடத்தில் முன்னுக்கு வருகிறது. அழுகை எவரை நோக்கியும் இல்லாமல் வெளிப்படலாம். அழைப்புக்கு ஒருவன் வேண்டும். அவள் அத்தனை பேர் நடுவில் ஒருவன் பெயரையே சொன்னாள்.

இரு நிர்வாஹங்களும் தாதுபாடத்தின் ஈரர்த்தத்தில் ஒவ்வொன்றை ஊன்றுகோலாகக் கொண்டவை என்பது என் துணிபு. தாது அவ்விரண்டையும் பிரிக்கவில்லை. பிரித்து ஆராய்வது நூலோர்க்கு இன்றியமையாதது. பிரித்த பாதியே முழுவதும் என்று சாதிப்பது மூலவினையைக் குறைப்பது. ‘ப்ரார்த்தித்தாள்’ என்னும் மொழிபெயர்ப்பு அழுகையை இழக்கிறது; ‘அழுதாள்’ என்பது அழைப்பை இழக்கிறது. ‘கூப்பிட்டாள்’ என்று பூர்வாசார்யர்கள் மரபில் வழங்கும் தமிழ்வினை இரண்டையும் காக்கிறது. அதில் கூவுதல் உண்டு; கூப்பிடு தூரம் என்னும்போது தொலைவும் உண்டு.

இவ்விடத்தில் நம்மாழ்வார் ஒரு திருப்பம் செய்திருக்கிறார். திருவேங்கடமுடையான் திருவடியில் சரணம் புகும் ஆறாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழிக்கு முந்திய திருவாய்மொழியில், எம்பெருமான் தம்மைத் திருவடிக்கு அழைத்துக்கொள்ளும் நாள் நெருங்காதோ என்று ஏங்கும்போது, ‘கூவு’ என்னும் வினையை ஆழ்வார் அவன்மேல் ஏற்றுகிறார். கூவ வேண்டியவன் அவன். நாம் கேட்க வேண்டியவர். சேதனன் கூப்பிடுவது அவன் கூப்பீட்டுக்கு எதிரொலி என்னும் உண்மை அந்த வினையமைப்பில் அடங்கியிருக்கிறது.

7. அநுக்ரோசமும் கடனும்

முன்பு ஒதுக்கி வைத்த சொல்லுக்கு வருவோம். க்ரோசம் கூக்குரல் என்றால், அநுக்ரோசம் அதனைப் பின்தொடரும் கூக்குரல். ஒருவர் கதற, அதனைக் கேட்டவர் தாமும் கதறுவது. இதுவே தயைக்குப் பெயராயிற்று. ஸ்ரீராமாயணத்தில் இச்சொல் அடிக்கடி வரும். அசோகவனிகையில் பிராட்டி, ஸாநுக்ரோசரான பெருமாள் என் பாக்யம் குறைந்தமையால் நிரநுக்ரோசர் ஆனாரோ என்று ஐயுறுகிறாள். மக்கள் துயருற்றால் அவர்களினும் மிகுதியாகத் துயருறுபவர் என்பது அயோத்தி மக்கள் பெருமாளைப் பற்றிக் கண்ட குணம்.

தயை என்பது யாது என்பதில் நம் ஸம்ப்ரதாயத்தில் இரு கொள்கை உண்டு. பிறர் துன்பம் கண்டு தானும் துன்புறுதல் என்பர் தென்கலையார். பிறர் துன்பத்தை நீக்க வேண்டும் என்னும் விருப்பம் என்பர் வடகலையார். சோகமற்றவன் என்று உபநிஷத்து ஓதும் பரமாத்மாவுக்குத் துன்பம் கூறுவது பொருந்தாது என்பது அவர் தடை. அநுக்ரோசம் என்னும் சொல்லின் அமைப்பு முன்னவர் கொள்கைக்கு இடம் தருகிறது. பின்னவர் எழுப்பும் தடை ச்ருதியை நோக்கியது, ஆகையால் சொல்லமைப்பால் மட்டும் அது தீராது.

இங்கேதான் உத்யோக பர்வத்து ச்லோகம் உதவுகிறது. கண்ணன் ‘துயருற்றேன்’ என்று சொல்லவில்லை, ‘நீக்க விரும்புகிறேன்’ என்றும் சொல்லவில்லை, ‘ருணம்’ என்றான். கடன்பட்டவனுக்குத் துன்பம் உண்டோ இல்லையோ, ஓய்வு இல்லை. கடன் என்பது கொடுத்தவரையும் கொண்டவரையும் பிணைக்கும் உறவு. தீரும்வரை அவ்வுறவு அறாது. சோகமற்றவன் என்னும் ச்ருதிக்கு இதில் பழுதில்லை. அவள் கதறல் அவன் நெஞ்சில் நிற்கிறது என்பதற்கும் பழுதில்லை. ‘ஹ்ருதயத்தைவிட்டு அகலவில்லை’ என்றதே அவன் செய்த அநுக்ரோசம். அவன் தூது சென்றதும், தேர் ஓட்டியதும், சரம ச்லோகம் அருளியதும் இவளுக்காகவே என்று ஸ்ரீவசனபூஷணம் கணக்கிடுவது அக்கடனின் தவணைகளைத்தான். ப்ரபத்தி செய்தவளின் பரிபவத்தைப் பார்த்திருந்த பாண்டவர்களும் தண்டிக்கத் தக்கவரே. அவர்களை வைத்தது அவள் மங்கலநாணுக்காக என்று அந்நூல் மேலும் கூறுவது, ஸபையின் மௌனத்தை நம் ஆசார்யர்கள் எவ்வளவு கொடிதாகக் கண்டனர் என்பதற்குச் சான்று.

ஆகவே இக்கதையை எழுதுவோரும் சொல்வோரும் மொழிபெயர்ப்போரும் மூன்றைப் பேணுதல் நலம். வினை ‘கூப்பிட்டாள்’ என்றே நிற்க வேண்டும். ப்ரார்த்தனையாக அதனை மெருகேற்றலாகாது. சொல்லப்பட்டது ஒரு திருநாமமே என்பது மறையலாகாது. ஸ்துதி ச்லோகங்களை அநுஸந்திப்பது வேறு, அவற்றைக் கண்ணனின் நினைவில் ஏற்றுவது வேறு. ‘தொலைவில் இருந்தவன்’ என்னும் அடைமொழி எந்த மொழியிலும் விடுபடலாகாது. அது விடுபட்டால் கடன் விளங்காது. இவ்வளவும் நின்றால், க்ருச் என்னும் தாதுவில் அழைப்பும் அழுகையும் ஒன்றாய் நிற்பது போலவே, அந்தக் கூப்பீட்டில் நம் இரு பூர்வர்களின் நிர்வாஹங்களும் ஒன்றையொன்று அழியாமல் நிற்கக் காணலாம்.